உன் அம்மா ஏன் பாலிகை தெளிக்கவில்லை

என் மகனே,

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரியை மூன்று தாளில் எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அம்மாவும் நானும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், நடமாடுகிறோம். ஆனால் போன செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீ என்னவோ சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறாய். கேரி தீவுத் தோட்டத்தில் வேலை கிடைத்துவிட்டது, கடல் தண்ணீர் உள்ளே ஏறாமல் தடுக்கிற தண்ணீர்க்கதவுக்கு உன்னைக் காவலாகப் போட்டிருக்கிறார்கள், கமலத்துக்கும் எண்ணெய்ப்பனை நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றும் வேலை, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கான் வாய்க்கால் ஓரத்தில்தான் பொழுதைக் கழிக்கிறோம் என்று கேலி வேறு. ரயில்வே பட்டறையில் ஆள் குறைப்பு என்று உன்னை நிறுத்திய பிறகு, கிடைத்த வேலையைக் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அது என்ன வேலை தெரியுமா? நீ மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தபோது, கிள்ளானுக்கு அப்பால் ஒரு கடலோரத் தோட்டத்தில் எனக்கும் உன் அம்மாவுக்கும் கொடுத்த அதே வேலை. நான் கதவில், அவள் நாற்றங்காலில். அதன் கீழே நீ எழுதியிருந்த கடைசி வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டேன். “கல்யாணத்தில் அத்தை ஏன் பாலிகை தெளிக்கவில்லை என்று கமலம் கேட்கிறாள். தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அழுகிறாள்” என்று எழுதியிருந்தாய்.

அந்தப் பெண்ணிடம் முதலில் சொல், அவளைப் பிடிக்காமல் இல்லை. பந்தலில் பாலிகை தெளிக்க ஐந்து மண்சட்டியை வரிசையாக வைத்து, ஊறவைத்த நவதானியத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு சுமங்கலிகளைக் கூப்பிட்டபோது, மாப்பிள்ளையின் அம்மா முதலில் வரட்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உன் அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “என் கை வேணாங்க. ராசியில்லாத கை. நான் போட்டா முளைக்காது. எம்புள்ள கல்யாணங்க இது” என்றாள். கையைப் பிடித்து இழுத்த சம்பந்தியம்மாளை உதறிவிட்டுச் சமையல் பக்கம் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். அதைத்தான் கமலம் பார்த்திருக்கிறாள். நான் எங்கே இருந்தேன் என்று நீ கேட்கவில்லை. நாலடி தள்ளி, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னது முழுக்கக் காதில் விழுந்தது. அது பொய் என்று அந்தப் பந்தலில் தெரிந்த ஒரே ஆள் நான். அடுத்த ஆளுக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன்.

உனக்கே ஞாபகம் இருக்கும். இந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு பின்கட்டில் கீரைப் பாத்தி உண்டு, புடலைப் பந்தல் உண்டு. நம் வீட்டுப் பின்கட்டு மட்டும் மொட்டையாகக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் அவரை விதை முளைக்கப் போட்டு எடுத்துவரச் சொன்னார்கள் என்று நீ அழுதபோது, உன் அம்மா விதையைத் தொடாமல் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாள். அம்மாவுக்கு மண் அழுக்கு பிடிக்காது என்று நான் உன்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய்!

நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கடலோரத் தோட்டத்தில் நிலம் கடல் மட்டத்துக்கும் தாழ்வு. சுற்றிலும் மண்கரை, நடுவே ஒரு மரக்கதவு. கடல் ஏறும்போது கதவை இறக்க வேண்டும்; வற்றும்போது தூக்கி, உள்ளே தேங்கிய மழைத் தண்ணீரை வெளியே விட வேண்டும். கதவை இறக்கியதும் தண்ணீரில் இறங்கி, அடிச்சட்டத்தில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஏற்றம் முடிந்ததும் உள்பக்கக் கானில் ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த இரண்டு நாளில்தான் தண்ணீர் மிக அதிகமாக ஏறும் என்பதால், குடிசையில் ஒரு பஞ்சாங்கத்தை மாட்டி வைத்திருந்தேன். என் நாக்கைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஒரு குடத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயன் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். “கதவு நாக்கு” என்றே எனக்குப் பட்டப்பெயர்.

மழையே இல்லாத ஒரு மாதத்தில், அமாவாசை கழிந்த இரண்டாம் நாள், கிள்ளான் பாசார் கடைத்தெருப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம். விடிந்ததும் அவசரமாகக் கதவை இறக்கினேன். புது வேட்டி கட்டியிருந்ததால் தண்ணீரில் இறங்கவில்லை. மழையில்லாததால் அடுத்த நாட்களில் அந்தக் கதவைத் தூக்க வேண்டியும் வரவில்லை. பந்தியில் நன்றாகச் சாப்பிட்டு, யார் வெற்றிலை நீட்டினாலும் வாங்கிப் போட்டு, சுண்ணாம்பை அள்ளித் தடவி, நாக்கெல்லாம் வெந்து திரும்பினேன். மூன்று நாளைக்குச் சோறும் சாம்பலும் எனக்கு ஒன்றுதான். அந்த மூன்று நாளும் கானில் தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததால் நல்ல தண்ணீர் என்று சொன்னேன். என் நாக்கு செத்துக் கிடக்கிறது என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவு நாக்கு இல்லையா!

உன் அம்மா அந்தக் கானில்தான் பூவாளியை நிரப்பி ரப்பர் நாற்றுகளுக்கு ஊற்றினாள். இரண்டாம் நாள் மத்தியானம் என்னிடம் வந்தாள். “தண்ணி உப்புக் கரிக்குதுங்க. மொகத்துல தெளிச்சுக்கிட்டேன், ஒதடெல்லாம் கரிக்குது” என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உன் வேர்வையை நக்கிட்டுக் கடலைச் சொல்றியா? கதவு பாக்குறவன் நானா நீயா? வாயை மூடிக்கிட்டு ஊத்து” என்றேன். நாலு பெண்கள் முன்னால் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் பூவாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு அவள் தண்ணீரைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

நாற்றுகள் தலையைத் தொங்கவிட்டன. முதலில் மத்தியான வெயிலில் மட்டும் வாடின. பிறகு காலையிலேயே வாடிக் கிடந்தன. இலை ஓரமெல்லாம் தீய்ந்தது போல் பழுப்பானது. வாடிய செடியைப் பார்த்தால் பெண்பிள்ளை என்ன செய்வாள்? தாகம் என்று நினைத்தாள். இன்னும் ஊற்றினாள். தோட்டத்துக் கணக்கரான கிராணி போகச் சொன்ன பிறகும் நின்று ஊற்றினாள். உன்னை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து நடந்து ஊற்றினாள். ஈர மண்ணில் நின்றுகொண்டே பாத்தி பாத்தியாக எல்லாம் செத்தன. நாலாம் நாள் என் நாக்குக்கு உயிர் வந்தது. கானில் அள்ளிக் குடித்தேன், குமட்டியது. ஓடிப்போய்க் கதவடியில் கையை விட்டால், முழங்கை நீளத்துக்கு ஒரு சதுப்புக்காட்டு வேர்த்துண்டு சிக்கியிருந்தது. கதவு அடிச்சட்டத்தில் உட்காரவே இல்லை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கடல் அந்தச் சந்து வழியாக உள்ளே வந்திருக்கிறது. சுற்றுமுற்றும் பார்த்தேன், யாரும் இல்லை. அதைப் பிடுங்கிக் கதவுக்கு அப்பால் ஓடும் ஆற்றில் எறிந்தேன். அன்றைக்கே ஒரு பெரிய மழை பிடித்துக் கானை அலசிவிட்டது. என்னைக் காட்டிக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். “தண்ணி ஊத்தாம வாட விட்டுட்டு, கடைசியில வந்து நனைச்சுக் காட்டுறியா?” என்று கேட்டார். “ஊத்துனேன் சாமி, நெறைய ஊத்துனேன்” என்றாள். கூட்டத்தில் யாரோ, “ஊத்தித்தான் இருப்பா. கை அப்படி. ராசியில்லாத கை” என்றார்கள். அப்படிச் சொன்னது அவளைக் காப்பாற்றத்தான். அது அவள்மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாற்றங்காலிலிருந்து தூக்கிவிட்டார்கள். லயனில் அவளை விதை போடக் கூப்பிடுவது நின்றது, வளைகாப்புக்குக் கூப்பிடுவது நின்றது. பச்சைப் பிள்ளையை அவள் கையில் கொடுக்கத் தயங்கினார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ரயில்வேயில் தடம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் வேலை கிடைத்ததைச் சாக்காக வைத்து உங்களைக் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடிவந்தேன். ஊர் மாறினால் போதும் என்று நினைத்தேன். ஊர் மாறியது, அவள் மாறவில்லை. அதற்குள் அவளே அதை நம்பிவிட்டிருந்தாள்.

பல வருஷம் நானும் எனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். மண்தான் ஈரமாக இருந்ததே, ஈரத்தில் நின்ற செடி தாகத்தில் சாகுமா, பூச்சி கீச்சி அடித்திருக்கும் என்று. அந்தச் சமாதானத்தை உடைத்தவன் நீதான். உனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அடுக்களையில் ஓர் உருளைக்கிழங்கை இரண்டு வில்லையாக வெட்டி, ஒன்றை வெறும் தண்ணீரிலும் ஒன்றை உப்புத் தண்ணீரிலும் போட்டாய். சாப்பாடு முடிந்து பார்த்தால் ஒன்று விறைப்பாக இருந்தது, மற்றது செருப்புத் தோல் மாதிரி துவண்டு கிடந்தது. “அப்பா, வேர்ல கண்ணுக்குத் தெரியாத மாதிரி மெல்லிசா முடி இருக்காம். அதுதான் தண்ணி குடிக்குமாம். வேருக்குள்ள இருக்கிற சாறுல உப்பு கொஞ்சம் கூட, மண்ணுல இருக்கிற தண்ணில கொறைச்சல். அதனால தண்ணி தானா உள்ள போகும். மண்ணுல உப்பு கூடிட்டா தலைகீழா வெளிய வந்துடுமாம். சுத்தித் தண்ணி நின்னாலும் செடி தாகத்துல செத்துடும்பா” என்று மூச்சுவிடாமல் சொன்னாய். உன் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பி, “உப்புத் தண்ணியா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். “சாப்பிடுற பண்டத்தை வீணாக்குறியா?” என்று கத்தி, இரண்டு கிண்ணத்தையும் வெளியே கொட்டி, உன் முதுகில் ஓர் அடியும் வைத்தேன். எதற்கு அடித்தேன் என்று உனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கு வெளிச்சம் காட்ட வந்த பிள்ளையை அடித்தேன்.

அன்றைக்கு நீ சொன்னதை அதற்குப் பிறகு நான் எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஊறுகாய்க்கு எலுமிச்சையில் உப்பைப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்குமே, அது பழத்துக்குள் இருந்த தண்ணீர்தானே. அதையேதான் நான் அந்த நாற்றுகளுக்குச் செய்திருக்கிறேன். அவள் ஊற்றின ஒவ்வொரு பூவாளியும் மண்ணில் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்த்தது. தண்ணீர் வெயிலில் போய்விடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். வேருக்கு உப்பே ஆகாது என்றும் இல்லை. சாம்பலும் எருவும் கரைந்து கொடுக்கிற சத்தும் ஒரு வகை உப்புதான். துளித் துளியாக இருந்தால் வேர் தேடிப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் அந்த வேரே வாடிவிடும். இதையெல்லாம் புரிந்துகொள்ளப் புரிந்துகொள்ள எனக்குப் பயம்தான் கூடியது. பாயின்ட்ஸ்மேன் வேலையில் ஒவ்வொரு வண்டிக்கும் கைப்பிடியைத் தள்ளிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து மறுபடியும் தொட்டுப் பார்ப்பேன். என்னை எல்லோரும் கிறுக்கன் என்றார்கள். போகட்டும்.

இப்போது என் பயம் முழுக்க உன்மேல்தான். வேலையில் நீ கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் கல்யாணம் முடிந்த அந்த வாரம், ரசத்தில் உப்பு ஒரு கல் கூடிவிட்டதோ என்று கமலம் கேட்டாள். “உனக்கு என்ன தெரியும்? நல்லாத்தான் இருக்கு, பேசாம போடு” என்றாய். சொல் உன்னுடையது, குரல் என்னுடையது. கையிலிருந்த சோறு என் வாய்க்குப் போகவில்லை. ரசத்தில் உண்மையாகவே உப்புக் கூட. நீ அப்போதுதான் இரண்டு தரம் வெற்றிலை போட்டிருந்தாய். எதிரே உட்கார்ந்திருந்த நான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

அதனால் கேட்டுக்கொள். வருகிற வெள்ளிக்கிழமை அமாவாசை. அதற்கடுத்த மூன்று நாளும் கதவை இறக்கிய கையோடு, என்ன உடுப்பில் இருந்தாலும் தண்ணீரில் இறங்கி அடிச்சட்டத்தை முழுக்கத் தடவிப் பார். கரையில் நண்டு வளை இருந்தால் அன்றே களிமண் போட்டு மிதி. தண்ணீரை நாக்கில் வைக்கிற வரை வெற்றிலையைத் தொடாதே. நீ வைத்துப் பார்த்த பிறகு கமலத்தையும் வைத்துப் பார்க்கச் சொல். அவள் கரிக்கிறது என்றால் கரிக்கிறது. உன் நாக்கு என்ன சொன்னாலும் சரி, அவள் சொன்னால் பூவாளியைக் கீழே வை. ஈர மண்ணில் செடி வாடினால் மேலும் ஊற்றவே கூடாது. ஒரு செடியை மண்ணோடு தோண்டிப் பார். வேர் நுனி வெள்ளையாக, மண் துகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அது குடித்துக்கொண்டிருக்கிறது. பழுப்பாக, தொட்டால் தோல் நழுவினால் செத்துக்கொண்டிருக்கிறது. நட எடுக்கும்போதும் வேரைச் சுத்தமாகக் கழுவ வேண்டாம் என்று கமலத்திடம் சொல். அந்த மண்ணோடு, தண்ணீர் குடிக்கிற வேர்முடியும் போய்விடும். இதற்கு மேலும் ஏதாவது கெட்டுப்போனால், பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீ முன்னே போய் நில். வேலை போனால் போகட்டும். இங்கே வந்துவிடுங்கள், கஞ்சியோ கூழோ குடிப்போம்.

இதுவரை நேற்று எழுதியது. எழுதி முடித்ததும் தபாலில் போட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. பிறகு, மகனிடம் சொல்கிறவன் அவளிடம் சொல்லாமல் விடுகிறேனே, இதுவும் அதே ஒளிப்புதானே என்று தோன்றியது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் படிக்காவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அதுதான் என்னை உறுத்தியது. இன்று காலை அவள் அரிசியில் கல் பொறுக்கும்போது எதிரே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன். அவள் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. வேர்த்துண்டை எறிந்த இடம் வந்தபோது மட்டும், “இன்னொரு தரம் படிங்க” என்றாள். படித்தேன். “எங்க போட்டீங்க?” “ஆத்துல.” “யாரும் பாக்கல.” “பாக்கல.” முறத்தைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அந்தத் தோட்டத்துக் கங்காணி பொண்டாட்டி எங்கிட்ட இருந்து அவ புள்ளையப் புடுங்கிக்கிட்டுப் போனா. நான் அவ மேல கோவப்படல. சரிதானேன்னு நெனைச்சேன்” என்றாள்.

நான் காலில் விழப் போனேன். “எழுந்திரிங்க, அரிசி சிந்தும்” என்றாள். கத்தியிருந்தால் தேவலை. அழுதிருந்தாலும் தேவலை. எழுந்துபோய் இரண்டு சேலையை மடித்துத் துணிப்பையில் வைத்தாள். “தபால்ல போடாதீங்க, நானே கொண்டு போறேன். வெள்ளிக்கெழமைக்கு முன்னால அந்தப் பொண்ணு பக்கத்துல நான் நிக்கணும். கரிக்குதுன்னு அது சொல்றப்ப கேக்குறதுக்கு ஒரு ஆள் வேணும்” என்றாள். நாளைக் காலை வண்டியில் புறப்படுகிறாள்; கிள்ளானுக்குப் போகிற பக்கத்து வீட்டு அண்ணன் துணைக்குப் போகிறார். அங்கிருந்து சம்பான் படகில் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நீ இதைப் படிக்கும்போது அவள் உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். நான் எழுதியதில் ஏதாவது ஒரு சொல் கூடக் குறைய இருந்தால் அவளிடம் கேட்டுத் திருத்திக்கொள்.

அரிசிப் பானை எது, ஊறுகாய் ஜாடி எது, சோறு வடிக்கும்போது எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று இப்போது ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். பொறுமையாகத்தான் காட்டுகிறாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன். எப்போது திரும்பி வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருக்கிறது.

உன் அப்பா